எலும்புகளைச் சேர்க்கும் நாள்

பிப்ரவரி 9

தம்பிக்கு,

போனில் பேசினால் கத்திவிடுவேன். அதனால் எழுதுகிறேன். கூடவே ஒரு படிவம் வைத்திருக்கிறேன். மூன்றாம் பக்கத்தில் பென்சிலால் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பு.

விஷயம் இதுதான். கல்லறைத் தோட்டத்து அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. அப்பாவைப் புதைத்த வரிசையில் பன்னிரண்டு வருடத்துக்குத்தான் இடம் தருவார்கள். அதற்குமேல் தோண்டி எலும்புகளை எடுத்துவிட்டு, இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். இடம் பற்றாத ஊர், யாரையும் குறை சொல்ல முடியாது. வரும் ஜூனோடு அப்பாவுக்குப் பன்னிரண்டு முடிகிறது. பிள்ளைகள் எல்லாரும் கையெழுத்துப் போட்டால் எலும்புகளை நாம் சொல்லும் இடத்தில் வைப்பார்கள். இல்லாவிட்டால் சுற்றுச்சுவர் ஓரமாக ஒரு பொதுக்குழி இருக்கிறது, அதில் போட்டுவிடுவார்கள்.

அம்மாவின் குடும்பக் கல்லறையில் ஒரு சின்னப் பெட்டி வைக்க இடம் இருக்கிறதாம். சவப்பெட்டிக்கு இடம் போதாது என்று அன்றைக்கு மறுத்துவிட்டார்கள். எலும்புப் பெட்டிக்குத் தடை இல்லை. அம்மாவின் பக்கத்தில் வை என்பதுதான் அப்பா கடைசியாகக் கேட்டது. உனக்குத் தெரிந்திருக்காது. நீ அங்கே இல்லை.

கையெழுத்து மட்டும் போதும்.

அக்கா

•

பிப்ரவரி 23

கிறிஸ்துவுக்குள் அன்பான அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். தங்கள் கடிதம் கிடைத்தது. படிவத்தில் கையெழுத்திட்டு இத்துடன் இணைத்துள்ளேன்.

சரீரம் மண்ணிலிருந்து எடுக்கப்பட்டது, மண்ணுக்கே திரும்புகிறது. எலும்புகள் எந்த இடத்தில் இருக்கின்றன என்பதற்கு ஆவிக்குரிய முக்கியத்துவம் எதுவும் இல்லை என்பது என் தாழ்மையான எண்ணம். ஆயினும் தங்கள் மனதுக்கு ஆறுதலாக இருக்குமானால் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஜூன் மாதம் முழுவதும் எங்கள் ஊழியக் குழுவுக்கு மூன்று ஊர்களில் கூட்டங்கள் உண்டு. ஆகவே வர இயலாது.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன் நான் எடுத்த முடிவுக்கு வேதமே ஆதாரம் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். அதற்காகத் தாங்கள் இன்னும் வருந்துவதை எண்ணி ஜெபிக்கிறேன்.

தங்கள் சகோதரன்

பி.கு: அத்தானுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

•

மார்ச் 4

பிரசங்கியாருக்கு,

கையெழுத்து வந்தது. நன்றி. எப்போதிலிருந்து நான் உனக்குத் ‘தாங்கள்’ ஆனேன்? உன் மூக்கைச் சிந்திவிட்டவள் நான்.

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் போன வாரம் ஒன்று நடந்தது. எக்ஸ்ரே எடுக்க ஒரு பெரியவர் வந்தார். வழுக்கி விழுந்து தோள்பட்டையில் அடி. காத்திருந்த நேரத்தில் போனில் ஏதோ பிரசங்கம் கேட்டுக்கொண்டிருந்தார். கதவைத் திறந்ததுமே எனக்குக் குரல் தெரிந்துவிட்டது. நீ உன் சாட்சியைச் சொல்லிக்கொண்டிருந்தாய். அப்பா செத்துப்போன தந்தி கையில் இருக்க, அப்பாவை அடக்கம் செய்துவிட்டு உம்மோடு வருகிறேன் என்ற ஒருவனிடம், செத்தவர்களைச் செத்தவர்களே புதைத்துக்கொள்ளட்டும் என்று இயேசு வழியில் சொன்னதை நினைத்து, அன்று மாலை மேடை ஏறிப் பிரசங்கம் செய்த கதை. ஜனங்கள் கை தட்டுகிறார்கள். தம்பி, அப்பா செத்ததற்குக் கை தட்டுகிறார்கள்.

பெரியவர் என்னிடம் சொன்னார்: “பாருங்கம்மா, இவர்தான் உண்மையான ஊழியக்காரர். பெத்த அப்பா செத்தும் போகல.”

நான், “மூச்சை இழுத்துப் பிடிங்க ஐயா” என்றேன். வெறும் தோள்பட்டைப் படத்துக்கு எதற்கு மூச்சைப் பிடிக்க வேண்டும் என்று பாவம், அவருக்குத் தெரியாது.

உனக்கு அந்தப் பத்தொன்பது நாள் தெரியாது. நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயேதான் அப்பாவைச் சேர்த்திருந்தேன், மூன்றாம் மாடியில். வார்டுக்கு எதிரே லிஃப்ட். முப்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவருக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்? இதயம் ஓய்ந்துகொண்டிருக்கிறது, அவர் லிஃப்ட் சத்தத்தைக் கேட்டுக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். “அந்தக் கதவு ரோலர் தேஞ்சு போச்சு. யாராவது பாக்கச் சொல்லு.” ஆனால் ரோலருக்காக அவர் காதைத் தீட்டி வைத்திருக்கவில்லை. ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் தலையைத் திருப்பிப் பார்ப்பார்.

எனக்கு வேதாகமம் உன் அளவுக்குத் தெரியாது. ஆனால் அந்த வசனத்தைப் பத்துத் தடவை படித்துவிட்டேன். எனக்கு ஒரே ஒரு சந்தேகம். அந்த ஊரில் யாராவது செத்தால் அன்றைக்கே அடக்கம் என்று ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். அப்படியானால், அப்பன் வீட்டில் பிணமாகக் கிடக்கும்போது அந்த மகனுக்குத் தெருவில் என்ன வேலை? இழவு வீட்டுக்காரன் ரோட்டோரம் நின்று பிரசங்கம் கேட்டுக்கொண்டிருப்பானா? நீயே சொல்.

அத்தானுக்கு முழங்கால் பரவாயில்லை.

அக்கா

•

மார்ச் 30

அக்கா,

உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். பாதி எழுதிக் கிழித்தேன். இருபது வருடமாகப் பிரசங்கம் செய்கிறேன், அந்த மனிதன் ஏன் தெருவில் நிற்கிறான் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

இங்கே ஒரு வேதக் கல்லூரி இருக்கிறது. கூட்டம் இல்லாத நாளில் அதன் நூலகத்துக்குப் போனேன். எபிரேயம் சொல்லிக்கொடுக்கும் டீச்சர் ஒருவர் அங்கே இருந்தார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். எடுத்துக் கொடுக்காமலேயே உன் கேள்வியைக் கேட்டேன். சிரித்தார்.

“உங்க அக்கா எங்க படிச்சாங்க?”

“எக்ஸ்ரே எடுக்கறாங்க மேடம்.”

“அதான் உள்ளே இருக்கறது தெரியுது.”

பிறகு உட்கார வைத்துச் சொன்னார். நான் புரிந்துகொண்டதை எழுதுகிறேன். அந்தக் காலத்தில் அந்த நாட்டில், கொஞ்சம் வசதியுள்ள குடும்பங்களுக்குப் பாறையில் குடைந்த கல்லறைக் குகை இருக்கும். செத்தவரை அன்றைக்கே கழுவி, துணி சுற்றி, குகைக்குள் ஒரு கல் மேடையில் கிடத்துவார்கள். பிள்ளைகள் ஏழு நாள் வீட்டைவிட்டு வெளியே வரமாட்டார்கள், தரையில் உட்கார்ந்திருப்பார்கள். நீ கேட்டது சரி. அவன் தெருவில் நின்றிருக்க வாய்ப்பு குறைவு.

ஆனால் அதோடு முடியவில்லை. ஒரு வருடம் கழித்து, சதை எல்லாம் போன பிறகு, மகன் மறுபடி குகைக்குப் போவான். எலும்புகளைச் சேர்த்து ஒரு கல் பெட்டியில் வைத்து, முன்னோர் பெட்டிகளின் பக்கத்தில் வைப்பான். அப்போதுதான் அப்பாவை அடக்கம் செய்து முடித்ததாகக் கணக்கு. டீச்சர் அந்தப் பெட்டிகளின் படம் காட்டினார். சுண்ணாம்புக் கல், மேலே பூ செதுக்கியது. ஒரு பக்கத்தில் யாரோ ஆணியால் கிறுக்கிய பெயர். பெட்டியின் நீளம் ஒரு தொடை எலும்பின் நீளம், ஏனென்றால் உடம்பிலேயே நீளமானது அதுதானாம். உனக்கு இது புதிதாக இருக்காது.

அதனால் சிலர் சொல்கிறார்கள், அந்த மனிதன் கேட்டது இந்த இரண்டாவது அடக்கத்துக்கான அவகாசமாக இருக்கலாம் என்று. வேறு சிலர், அப்பா உயிரோடுதான் இருந்தார், அவர் காலம் முடியும்வரை வீட்டில் இருந்துவிட்டு வருகிறேன் என்று கேட்டான் என்கிறார்கள். இல்லை, அன்றைக்கே செத்திருந்தார், கேட்பவர்களைத் திடுக்கிட வைக்கத்தான் இயேசு அப்படிச் சொன்னார் என்பவர்களும் உண்டு. “அடிச்சுச் சொல்ல யாராலும் முடியாது தம்பி. ஆனா இதை வச்சு யாரையும் சாவு வீட்டுக்குப் போகாதேன்னு நான் சொல்லமாட்டேன்” என்றார் டீச்சர்.

இன்னொன்றும் சொன்னார். அவர்கள் கோயிலின் தலைமை ஆசாரியன் பெற்ற அப்பாவின் சாவுக்குக்கூடப் போகக் கூடாது. ஆனால் கேட்பாரற்ற பிணம் ஒன்று வழியில் கிடந்தால், அவனே நின்று அடக்கம் செய்ய வேண்டும். இயேசு பிறந்த மதத்து ஆசிரியர்கள் அப்படி எழுதி வைத்திருக்கிறார்களாம்.

எலும்புகளுக்கு முக்கியத்துவம் இல்லை என்று உனக்கு எழுதினேன். யோசேப்பு சாகும்போது தன் எலும்புகளை எடுத்துப்போகச் சொல்லிச் சத்தியம் வாங்கினார். பல தலைமுறை கழித்து, ஜனங்களை அழைத்துக்கொண்டு அடிமை நாட்டைவிட்டு ஓடும் அத்தனை அவசரத்திலும் மோசே மறக்காமல் அவற்றை எடுத்துக்கொண்டு கிளம்பினார். இதை எத்தனை மேடையில் வாசித்திருக்கிறேன் தெரியுமா?

தம்பி

•

ஏப்ரல் 8

தம்பிக்கு,

உன் கடிதத்தை அத்தானிடம் வாசித்துக் காட்டினேன். “பரவாயில்லையே, மனுஷன் மாதிரி எழுதியிருக்கான்” என்றார்.

தொடை எலும்பு அளவுக்குப் பெட்டி! எனக்கு அந்தக் கல் தச்சனைப் பிடித்துவிட்டது. அப்பா லிஃப்ட் குழிக்குள் விழுந்து தொடையை உடைத்துக்கொண்டாரே, அப்போது எடுத்த படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது மாதம், நானே எடுத்தது. அவசரத்தில் அளவு தப்பி முதல் படம் பாழாகிவிட்டது. தகடும் எட்டுத் திருகாணியும் வைத்த பிறகு எடுத்ததையும் தேடி எடுத்து அளந்தேன். படத்தில் கொஞ்சம் பெரிதாகத்தான் தெரியும், அதைக் கழித்துப் பார்த்தால் நாற்பத்து நான்கு சென்டிமீட்டர். பெட்டியை உள்ளளவு ஐம்பது வைத்துச் செய்யச் சொல்லிவிட்டேன். அலுவலகத்தில் எல்லாருக்கும் ஒரே அளவுதான் என்றார்கள். ஒரே அளவு எலும்பை முதலில் காட்டுங்கள் என்றேன்.

இப்போது நான் கேட்கப்போவதற்குக் கோபப்படாதே.

நீ வசனத்தைத் தப்பாகப் படித்துவிட்டாய். சரி. எல்லாரும் அப்படித்தான் படிக்கிறார்கள், உன்னை மட்டும் சொல்லிப் பயன் இல்லை. ஆனால் அன்றைக்கே இந்த டீச்சர் உன் பக்கத்தில் உட்கார்ந்து இதெல்லாம் சொல்லியிருந்தால், நீ பஸ் ஏறியிருப்பாயா?

யோசித்துவிட்டு எழுது. யோசிக்காமல் எழுதுவதாக இருந்தால் எழுதாதே.

அக்கா

•

ஏப்ரல் 19

அக்கா,

மாட்டேன். ஏறியிருக்கமாட்டேன்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. ஊழியத்துக்கென்று வீட்டைவிட்டுக் கிளம்பிய அன்று, பெட்டியோடு நான் மாடிப்படி இறங்கும்போது அப்பா மேலே நின்று, “இப்படியே போனா திரும்பி வராதே” என்றார். நான் நின்று, திரும்பி, “நீங்க செத்தாலும் வரமாட்டேன்” என்றேன். மூன்றாம் வீட்டு அம்மா கதவைத் திறந்து பார்த்தார். நீ அப்போது டியூட்டியில் இருந்தாய்.

அவ்வளவுதான். அதன்பிறகு எட்டு வருடம் நான் அப்பாவிடம் பேசவில்லை. அவர் படுத்திருக்கிறார் என்று நீ எழுதிய ஒவ்வொரு கடிதத்தையும் படித்தேன். வந்தால் அந்தப் படியில் ஏறித்தானே வீட்டுக்குள் வர வேண்டும் என்று தோன்றும். தந்தி வந்தபோது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? சொன்ன வார்த்தை பலித்துவிட்டதே என்று பயம். அந்த நேரத்தில்தான் எங்கள் குழுத் தலைவர் பக்கத்தில் வந்து அந்த வசனத்தைச் சொன்னார். மழையில் நிற்பவன் குடையைப் பிடித்துக்கொள்வதுபோல நான் அதைப் பிடித்துக்கொண்டேன். மேடையில் சொன்னேன். கை தட்டினார்கள். அடுத்த ஊரிலும் சொல்லச் சொன்னார்கள். சொல்லச் சொல்ல எனக்கே அது உண்மையாகிவிட்டது.

இதை எழுத வைத்தது உன் கேள்வி மட்டும் இல்லை. எங்கள் குழுவில் கீபோர்டு வாசிக்கிறவருக்கு முப்பது வயது இருக்கும். போன வாரம் அவருடைய அம்மா விழுந்துவிட்டார் என்று செய்தி வந்தது. பக்கவாதம். நான் போய், “எப்ப கிளம்பறீங்க?” என்று கேட்டேன்.

“நான் போகலண்ணே” என்றார். “உங்க சாட்சியத்தான் நெஞ்சுல வச்சிருக்கேன். நீங்க நின்ன மாதிரி நானும் நிப்பேன்.”

அக்கா, அவர் கண்ணில் அழுகை முட்டிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்துக்கொண்டும் இருந்தார். அவரைத் தெருமுனைவரை இழுத்துக்கொண்டு போய், இப்போது உனக்கு எழுதினேனே, இதே படிக்கட்டுக் கதையைச் சொன்னேன். நின்று கேட்டார். பிறகு என்னைத் திட்டினார். நன்றாகத் திட்டினார். அடுத்த பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டார்.

எங்கள் குழுவில் இன்னும் எத்தனை பேர் என்னால் போகாமல் இருந்தார்களோ தெரியவில்லை.

தம்பி

•

ஏப்ரல் 27

சின்னவனுக்கு,

உன் கடிதத்தை, முன்பு எக்ஸ்ரே ஃபிலிம் கழுவிய டார்க் ரூமில் வைத்துப் படித்தேன். இப்போது எல்லாம் கம்ப்யூட்டர் ஆகிவிட்டது, அந்த அறையில் துடைப்பம்தான் வைத்திருக்கிறோம். ஆனால் அழுவதற்கு வசதி.

படிக்கட்டு விஷயம் எனக்குத் தெரியும். பன்னிரண்டு வருடமாகத் தெரியும்.

அப்பாவே சொன்னார், படுத்த பதினோராம் நாள். “முதல்ல வாயை விட்டது நான்தான். அவன் பதில்தான் சொன்னான். அதை அவன்கிட்ட சொல்லிடு” என்றார். நான் சொல்லவில்லை. நீ வராமல் போன பிறகு, சொல்லக் கூடாது என்றே முடிவு செய்தேன். அவன் வேகட்டும் என்று நினைத்தேன். நீ மேடை மேடையாகச் சிரித்துக்கொண்டிருப்பதாக நினைத்தேன், வெந்துகொண்டிருப்பது தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா என்று சத்தியம் செய்ய முடியாது. ஆகவே நீ மட்டும் கணக்குத் தீர்க்க வேண்டியவன் இல்லை.

இன்னொன்று. கடைசி நாள் அவருக்கு மூச்சு வாங்கியது. லிஃப்ட் கதவு திறந்தது. கண்ணாலேயே கேட்டார். நான், “வந்துக்கிட்டே இருக்கான்பா, பஸ் ஏறிட்டான், காலையில வந்துடுவான்” என்றேன். உன்னிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. சும்மா சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அதுவே அவர் காதில் விழுந்த கடைசி வார்த்தை. பொய்.

உன்மேல் எனக்கு இருந்த கோபத்தில் பாதி அந்தப் பொய்யை என்னைச் சொல்ல வைத்தாயே என்பதுதான்.

ஜூன் 14, காலை எட்டு மணிக்குத் தோண்டுகிறார்கள். மூன்று ஊர்க் கூட்டமோ முப்பது ஊர்க் கூட்டமோ எனக்குத் தெரியாது. வா.

அக்கா

•

மே 11

அக்கா,

அப்பா சொன்னதை நீ எழுதியிருந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பாய். நீ மறைத்ததற்காக எனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். இரண்டு நாள் வந்தது. பிறகு போய்விட்டது.

அந்தப் பொய்யைப் பற்றி எனக்கு ஒன்றே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. பன்னிரண்டு வருடம் தாமதமாகத்தான். பஸ் ஏறுகிறேன்.

போன ஞாயிறு இங்கே பெரிய கூட்டம். சாட்சி சொல்லச் சொன்னார்கள். மேடை ஏறி, இதுவரை நான் சொல்லிவந்தது முழு உண்மை இல்லை என்றேன். படிக்கட்டைச் சொன்னேன். பயத்தைச் சொன்னேன். அந்த மனிதன் தெருவில் என்ன செய்துகொண்டிருந்தான் என்று என் அக்கா கேட்டாள் என்றும் சொன்னேன். யாரும் கை தட்டவில்லை. முன்வரிசையில் இரண்டு குடும்பம் எழுந்து போய்விட்டது. பின்னால் ஓர் அம்மா மட்டும் உட்கார்ந்தபடியே சத்தமாக அழுதார்.

கீழே இறங்கியதும் குழுத் தலைவர் என்னைத் தனியாக அழைத்துப் போனார். கத்துவார் என்று நினைத்தேன். ரொம்ப நேரம் மைக் ஒயரைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: “அன்னைக்கு உன்னை நிறுத்தினேனே, கூட்டத்துக்கு வேற ஆள் இல்லப்பா. ரெண்டாயிரம் பேர் உட்கார்ந்திருந்தாங்க. அந்த நேரத்துல வாயில வந்த வசனத்தைச் சொன்னேன்.” அவரால் என்னை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. எனக்கும் அவரைத் திட்ட மனம் வரவில்லை. இனி மேடையில் என்னை நிறுத்த முடியாது, ஜனங்கள் ஏற்கமாட்டார்கள் என்றார். சரி என்றேன். வேதக் கல்லூரி நூலகத்தில் புத்தகம் அடுக்க ஆள் வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார்.

ஜூன் 14 பற்றி டீச்சரிடம் சொன்னேன். அந்தக் காலத்து அப்பா ஒருவர் மகனிடம், என் எலும்புகளை உன் கையால் பொறுக்காதே, வேறு ஆள் பொறுக்கட்டும் என்று சொல்லி வைத்தாராம். அந்த மகன் அப்படியே செய்தார். வேறொருவர் உள்ளே போய்ச் சேர்த்து மேலே துணியை விரித்தார். பிறகு மகன் போய் உடையைக் கிழித்துக்கொண்டு, உலர்ந்த மூலிகை தூவினார். அன்று ஒருநாள் துக்கம். சாயங்காலத்தோடு அது முடிந்துவிடும், மறுநாளுக்கு நீளாது. அன்று அப்பா முன்னோரோடு சேர்ந்த நாள் என்பதால் அது சந்தோஷமான நாள்தான் என்று சொன்ன ஆசிரியரும் உண்டாம்.

எலும்பைத் தொடும் தைரியம் எனக்கு இல்லை அக்கா. நீ தொடுவாயா? நான் துணியைப் பிடிக்கிறேன்.

தம்பி

•

ஜூன் 19

அக்கா,

ஊர் வந்து சேர்ந்துவிட்டேன். பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தது, வழி முழுக்கத் தூங்கினேன். இப்படித் தூங்கி எத்தனை வருடம் ஆயிற்று.

அன்றைக்கு நான் சரியாகப் பேசவில்லை. இப்போது எழுதிவிடுகிறேன்.

தோண்டுகிறவர் மண்ணை எடுத்துவிட்டு ஒதுங்கியதும் நீ கையுறை போட்டுக்கொண்டு குழிக்குள் இறங்கினாயே, நான் கண்ணை மூடிக்கொண்டேன். நீ ஒவ்வொன்றாக எடுத்து, மண்ணைத் துடைத்து, பெயர் சொன்னாய். “இது முழங்கை.” “இது குதிகால்.” “இது மணிக்கட்டுல இருக்கற சின்னது, எட்டு இருக்கும், தேடறேன் இரு.” எக்ஸ்ரே அறையில் நோயாளியிடம் பேசுவதைப்போலவே பேசினாய். எப்போது கண்ணைத் திறந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அந்தத் தகடும் திருகாணிகளும் வெளியே வந்தபோது, “அப்பாவேதான்” என்று நீ சொன்னாய் பார், அந்த ஒரு சொல்லுக்காகவே நான் வந்ததாகத் தோன்றியது. நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது படிக்கட்டில். இப்போது என் நினைவில் அது கடைசி இல்லை.

பிறகு அந்தச் சட்டை. மகன் உடையைக் கிழிக்க வேண்டும் என்று நானே எழுதிவிட்டு, இழுத்து இழுத்துப் பார்த்தேன், கிழியவில்லை. நீ குழிக்குள்ளிருந்து பார்த்துவிட்டு, “டேய், அது பாலியஸ்டர்டா” என்றாய். அத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உன் பையிலிருந்து கட்டு வெட்டும் கத்தரிக்கோலை எடுக்கச் சொல்லி, நீயே ஓர் ஓரத்தில் சின்னதாக வெட்டிவிட்டாய். அதன்பிறகு கிழிந்தது. தோண்டுகிறவர் நம் இருவரையும் பார்த்த பார்வையை மறக்கமாட்டேன். அப்பாவின் எலும்புகளுக்கு முன்னால் நின்று இரண்டு பேரும் கண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தோம். பிறகு அது வெறும் கண்ணீராகிவிட்டது.

பெட்டியை அம்மாவின் பக்கத்தில் வைத்து மூடும்போது, ஆபிரகாம் தன் ஜனத்தாரோடு சேர்க்கப்பட்டான் என்று எழுதியிருக்கிறதே, எத்தனையோ அடக்க ஆராதனைகளில் நான் வேகவேகமாக வாசித்த அந்த வரி, அது ஒரு குடும்பக் குகையைப் பார்த்தவர்கள் எழுதியது என்று புரிந்தது.

நீ என்னை மன்னித்தாயா என்று நான் கேட்கவில்லை. நீ சொல்லவும் இல்லை. அப்படியே இருக்கட்டும்.

ஒரு சின்ன விஷயம். அந்தச் சட்டையை உன் வீட்டுக் கொடியிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். நீ தைத்துவிடாதே. டீச்சரிடம் கேட்டேன். வேறு யாருக்காகவாவது கிழித்தால் பிறகு நன்றாகத் தைத்துக்கொள்ளலாமாம். அப்பா அம்மாவுக்காகக் கிழித்ததை மட்டும் பழையபடி ஆகும்படி தைக்கக் கூடாது. கோணலாக, பேருக்கு நாலு தையல் போட்டு உடுத்திக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

தம்பி

•

ஜூன் 27

சின்னவனுக்கு,

உன் கடிதம் வருவதற்கு இரண்டு நாள் முன்பே தைத்துவிட்டேன்.

பயப்படாதே. எனக்குத் தையல் வராது. அத்தான் அதைப் பார்த்துவிட்டு, “இதை ஆஸ்பத்திரியில எந்தக் காயத்துக்காவது போட்டிருந்தா உன்னை வேலையை விட்டுத் தூக்கியிருப்பாங்க” என்றார். கோணல், சுருக்கம், நூல் வேறு நிறம். உன் டீச்சரிடம் காட்டு, சட்டம் மீறப்படவில்லை என்று அவரே சொல்வார்.

பார்சலில் அனுப்பியிருக்கிறேன். நூலகத்துக்குப் போட்டுக்கொண்டு போ.

அக்கா